அளந்தறிந்த குருதி



உறவினர் வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்ததும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "ஆணா, பெண்ணா?" என்போம், "எடை என்ன?" என்போம். பெற்றவளைப் பற்றிய கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். அவளுக்கோ பேராபத்து நேரக்கூடிய வேளையே அந்த முதல் நாள்தான்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் குருதி பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் குருதிக் குழாய்களை நெரித்து அடைத்துவிடும். அவ்வாறு சுருங்காமல் துவண்டு கிடந்தால், நலமாயிருந்த பெண்ணும் இரண்டொரு மணி நேரத்தில் உயிரிழக்கக் கூடும். அரை லிட்டர் வெளியேறிவிட்டால் அதைக் குருதிப்பெருக்கு என்பர் மருத்துவர்.

அரை லிட்டர் போயிற்றென்று அறிவது எவ்வாறு? கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே நெடுநாள் வழக்கம். துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, நீரில் கலந்தது ஆகிய இவற்றையெல்லாம் கண்ணளவால் கூட்டிச் சொல்ல வல்லார் யார்? கணக்கில் ஊகத்தை விடையாக எழுதியவனுக்கு நான் மதிப்பெண் அளித்ததில்லை. இங்கோ, பிழை பெரும்பாலும் குறைத்து மதிப்பிடும் பக்கமே சாய்கிறது.

இதற்குக் கண்ட கருவி மிக எளியது. தாயின் இடுப்பின்கீழ் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் முனை பைபோல் தொங்கும். பையில் அளவுக் கோடுகள் உண்டு. கர்நாடகத்துப் பெல்காம் பகுதியில் கிராமத் துணைச் செவிலியர் பார்த்த பிரசவங்களில் இத்தகைய விரிப்பு பயன்பட்டது; அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பின்னர் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடையே பெரியதோர் ஆய்வு நடந்தது. குருதி குறித்த கோட்டை எட்டியதும் ஐந்து செயல்கள் ஒருசேரத் தொடங்கின: கருப்பையை நீவுதல், அதைச் சுருங்கச் செய்யும் மருந்து, உறைந்த குருதி கரையாமல் காக்கும் மருந்து, சிரைவழி நீர், பெருக்கின் காரணத்தைத் தேடும் பரிசோதனை. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து மற்றொன்றுக்குச் செல்லும் பழைய நிதானம் இங்கே கைவிடப்பட்டது.

2023-இல் முடிவு வெளியாயிற்று. பழைய முறையில் குருதிப்பெருக்கு உற்றவருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடமே அது கண்டறியப்பட்டது. புதிய முறையில் 100-க்கு 93 பேரிடம். கடும் பெருக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகிய கேடுகளில் ஒன்றை அடைந்தவர் பழைய முறையில் 100-க்கு 4.3, புதிய முறையில் 1.6. இக்குறைவு பெரும்பாலும் கடும் பெருக்கு குறைந்ததால் வந்தது. மரணத்தை மட்டும் தனியே எடுத்து முடிவு கூற அந்த ஆய்வு போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2025-இல் உலகச் சுகாதார நிறுவனம் மேலும் ஒரு படி சென்றது. நாடித்துடிப்போ குருதியழுத்தமோ பிறழ்ந்திருந்தால், 500 மில்லி லிட்டர் ஆகும்வரை காத்திராமல், 300-ஐ எட்டியபோதே சிகிச்சையைத் தொடங்குக என்று அது அறிவுறுத்தியுள்ளது.