உயிரணுவின் வாயிலில் ஒரு பம்பு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கிணற்றில் நீர் இறைக்கும் பம்பை அறியாதார் நம்மில் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிரணுவிலும் ஒரு பம்பு உண்டு. அதனைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், ஒரே உயிரணுவாலான பூஞ்சை. அதனைச் சர்க்கரை நீரில் இட்டால் அந்நீர் விரைவில் புளிப்படையும். அதன் மேற்சவ்விலுள்ள ஒரு புரதம் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, இடையறாது வெளியே தள்ளுவதே இதற்கு முதற்காரணம். 918 அமினோ அமிலங்களாலான அப்புரதத்தின் மரபணு 1986இல் கண்டறியப்பட்டது. ஒரு புரோட்டானை வெளியேற்ற, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. உயிரணு தான் ஈட்டும் ஆற்றலில் பெரும்பங்கை இப்பணிக்கே அளிக்கிறது.

ஏன் இத்தனை செலவு? நம் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தில் நீர் உயர்ந்து நின்றால்தான் வாய்க்காலில் பாயும். அதுபோல வெளியே மிகுந்துவிட்ட புரோட்டான்கள் உள்ளே திரும்ப முனைகின்றன. அவ்வாறு திரும்புகையில் சவ்விலுள்ள வேறு புரதங்களின் வழியே அமினோ அமிலம் முதலான உணவுப் பொருள்களையும் உடன் கொண்டு வருகின்றன.

தாவரங்களும் இவ்வாறே வாழ்கின்றன. வேர்கள் மண்ணிலிருந்து நைட்ரேட்டை ஏற்பது இவ்விசையால்தான். காலை ஒளி பட்டதும் இலைத்துளைகளைத் திறக்கச் செய்வதும் இப்பம்பே. உவர் நிலத்துப் பயிர், தன்னுள் புகுந்த சோடியத்தை வெளியேற்றுவதும் இதன் துணையாலேயே. பிச்சாவரத்துச் சதுப்பு நிலக் காட்டில் வெண்கண்டல் மரம் உப்பு நீரிலேயே வளர்கிறது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அம்மர இனத்திலிருந்து, உப்பைத் தாங்கத் துணைபுரியும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, நெல்லில் செலுத்தி ஆராய்ந்துள்ளனர்.

இத்தகைய ஆய்வுகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? பொதுக்குளத்து நீர் நமக்கு மறுக்கப்பட்ட காலத்தில், 1927 மார்ச் 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அறிவியலும் ஒரு பொதுக்குளமே. ஆயினும், 'அறிவியல் பிரிவு நமக்கு வராது' என்று பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அன்றாடக் கூலி அவர்களைப் பட்டாசு ஆலைக்கு அழைக்கிறது.

ஆகவே கழகத்தாரிடம் ஒன்று வேண்டுகிறேன். மேல்நிலையில் அறிவியல் பயில விரும்பும் நம் பிள்ளைகளின், சிறப்பாகப் பெண் பிள்ளைகளின், இரண்டாண்டுச் செலவைக் கழகமே ஏற்க வேண்டும். உயிரணு முதலில் செலவிடுகிறது. பிறகே உணவு பெறுகிறது. நாமும் முதலில் செலவிடுவோம்.