பத்தில் இரண்டு



பத்து ஆட்டம் ஆடி எட்டில் தோற்ற ஓர் அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோப்பை வாங்கியவர்களைப் புகழ ஊரெல்லாம் ஆள் உண்டு. இவர்களுக்காக எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் ஹண்டிங்டன் என்றொரு ஊர். மார்ஷல் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். 1970 நவம்பர் 14, சனிக்கிழமை. வட கரோலினாவில் 17-14 என்று தோற்றுவிட்டு அதன் கால்பந்து அணி விமானத்தில் ஊர் திரும்புகிறது. பந்தைக் கையில் ஏந்தி, மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. மழை. ஓடுதளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விமானம் மலைச்சரிவில் மோதி எரிந்தது. 75 பேரும் மாண்டார்கள். அவர்களில் 37 பேர் ஆட்டக்காரப் பிள்ளைகள். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலியும் போனார். அடையாளம் காண முடியாத ஆறு பிள்ளைகளை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள்.

இனிமேல் இங்கே இந்த ஆட்டமே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மாணவர்கள் விடவில்லை.

1971 மார்ச்சில் ஜாக் லெங்கியல் வந்தார். வூஸ்டர் என்ற சிறு கல்லூரியின் பயிற்சியாளர். காயத்தாலும் வேறு காரணங்களாலும் விமானம் ஏறாமல் தப்பிய சிலர்தான் பழைய அணியில் மிச்சம். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. மார்ஷலுக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். கூடைப்பந்து ஆடிய பையனும் வந்தான், அழைக்காமல் தானே வந்து நின்ற பையனும் வந்தான்.

இந்த மெலிந்த பிள்ளைகளை வைத்து எப்படி ஆடுவது? பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாபி பௌடனிடம் போய் 'வீர்' என்ற ஆட்ட முறையைக் கற்றுவந்தார் லெங்கியல். எதிரணியில் ஒருவனைத் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் பாயும் திசையைப் பார்த்து, பந்தை மறுபக்கம் கொண்டுபோவார்கள். பலம் குறைந்தவனுக்கு ஏற்ற வழி. போட்டியாளன் கேட்டதும் தன் வித்தையைத் திறந்து கொடுத்த பௌடனுக்கும் இங்கே ஒரு கைதட்டல் தர வேண்டும்.

முதல் ஆட்டம் 29-6 என்று தோல்வி. செப்டம்பர் 25, சொந்த மைதானத்தில் சேவியர் பல்கலைக்கழகத்துடன் மோதல். கடைசி ஆட்ட அசைவு. 13-9 என்று பின்தங்கி நிற்கிறார்கள். மார்ஷலின் ரெஜி ஆலிவர் எறிந்த பந்தைப் பிடித்து டெர்ரி கார்ட்னர் 13 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். 15-13! பிள்ளைகளை இழந்த ஊர், பத்து மாதத்துக்குப் பிறகு மைதானத்தில் அழுதுகொண்டே சிரித்தது.

பிறகு பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றார்கள். அவ்வளவுதான், மற்ற எட்டும் தோல்வி. லெங்கியல் நான்கு ஆண்டு இருந்தார்: 9 வெற்றி, 33 தோல்வி. தோல்வியைவிட வெற்றி கூடிய ஓர் ஆண்டு மார்ஷலுக்கு வர 1984 ஆயிற்று. 1992-இல் தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. அந்தக் கோப்பையில் 1971-இன் பையன்களுக்கும் பங்குண்டு என்றே நான் சொல்வேன்.

மார்ஷல் வளாகத்தில் மாண்டவர்களுக்காக ஒரு நீரூற்று இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று ஊரே கூடி நிற்க, அதை நிறுத்துகிறார்கள். குளிர்காலம் முழுக்க அது வறண்டு கிடக்கும். வசந்தத்தில் மறுபடி தண்ணீர் விடுகிறார்கள்.