அமைச்சராகும் முன்: சிங்கப்பூர்த் தலைவர்களின் தொழிற்பின்னணி



இவ்வுரைக்கான பொருளை எனக்குத் தந்தவர் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலைக்கு அருகில், உயர்நிலை நான்கில் பயிலும் மாணவர் சிலருக்குக் கட்டுரைப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். ‘நான் போற்றும் தலைவர்’ என்பது அன்றைய தலைப்பு. மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டனர். அந்த மாணவி மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. “ஐயா, அமைச்சராவதற்கு முன்னால் இவர்களெல்லாம் என்ன வேலை பார்த்தார்கள்?” என்று கேட்டாள். “வழக்கறிஞர், மருத்துவர், பொருளியல் அறிஞர்” என்று எனக்குத் தோன்றியதை அடுக்கினேன். “பேருந்து ஓட்டியவர் யாரும் இல்லையா?” என்றாள். அவளுடைய தந்தையார் பேருந்து ஓட்டுநர் என்பது எனக்குத் தெரியும். “நேரமாகிறது, எழுதம்மா” என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கடந்துவிட்டேன். ஆசிரியர்கள் இப்படிக் கடந்துவிடும் கேள்விகள் பல. இன்றைய உரை அவளுக்கு நான் தரும் காலந்தாழ்ந்த விடை என்று கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினராவதற்குரிய தகுதிகளைக் கூறுகிறது. குடியுரிமை, வயது, வாக்காளர் பதிவு, நாட்டில் வசித்த காலம் ஆகியவை அங்கே உள்ளன. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றோ, இன்ன தொழில் செய்திருக்க வேண்டும் என்றோ ஒரு சொல்லும் இல்லை. ஆற்றல் என்று அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஒன்றையேனும், மன்ற நடவடிக்கைகளில் முனைந்து பங்குகொள்ளும் அளவுக்குப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மன்றத்தில் அந்நான்கு மொழிகளில் எதில் வேண்டுமானாலும் விவாதிக்கலாம் என்று 53ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்தே அமைச்சர்கள் அமர்த்தப்படுகிறார்கள். ஆகவே, தமிழ் மட்டுமே நன்கறிந்த ஒருவருக்கு அமைச்சரவையின் கதவைச் சட்டம் அடைக்கவில்லை. தமிழாசிரியர்கள் வகுப்பில் இந்தப் பிரிவை ஒருமுறையாவது படித்துக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவுக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. அது அதிபர் பதவியைப் பற்றியது. அமைச்சர், தலைமை நீதிபதி, நாடாளுமன்ற நாயகர், தலைமைச் சட்ட அதிகாரி, நிரந்தரச் செயலாளர் போன்ற பதவிகளில் ஒன்றை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வகித்தவராக வேட்பாளர் இருக்க வேண்டும். தனியார் துறையிலிருந்து வருபவராயின், சராசரியாக 500 மில்லியன் வெள்ளிக்குக் குறையாத பங்குதாரர் நிதியுடைய ஒரு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். இவற்றுக்கு இணையான அனுபவம் உடையவர் என அதிபர் தேர்தல் குழு ஏற்றுக்கொண்டால் அவரும் நிற்கலாம். ஒரு பதவிக்குத் தொழிற்பின்னணியே சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. காரணம் வெளிப்படையானது. 1991இல் அதிபர் பதவி மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பதவியாக மாற்றப்பட்டபோது, நாட்டின் கடந்தகால இருப்புநிதியைக் காக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தது. பெட்டகத்தின் சாவியை ஒருவர் கையில் தரும்போது, முன்பு எவ்வளவு பெரிய பெட்டகத்தைப் பார்த்தவர் என்று கேட்பது இயல்பே.

தமிழர்க்கு இது புதிய சிந்தனையன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயது, வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், தன் மனையில் தானே கட்டிய வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கல்வி கூடுதலாக உடையவருக்கு நிலத்தின் அளவில் சலுகை உண்டு. ஆனால் ஏர் பிடித்தவனோ தறி நெய்தவனோ அந்தக் குடத்தின் அருகே வர இயலாது. குடவோலையைப் பெருமையாகப் பேசும் நம் மேடைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தகுதியை வரையறுத்த அதே வரிகள் யாரை உள்ளே விடுவதில்லை என்பதையும் வரையறுத்துவிட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். 1959 மே 30ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. சில நாள்களில் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. அந்த ஒன்பது பேரும் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? லீ குவான் யூ வழக்கறிஞர். 1952இல் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுடைய தொழிற்சங்கத்துக்காக வாதாடியவர். டோ சின் சை பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் கற்பித்தவர். கோ கெங் சுவீயும் கே. எம். பெர்னும் காலனித்துவ அரசாங்க அலுவலர்கள். ஓங் எங் குவான் கணக்காய்வாளர். யோங் நியுக் லின் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் மேலாளர். ஓங் பாங் பூன் கட்சியின் அமைப்புப் பணியில் ஊறியவர். எஸ். ராஜரத்தினம் பத்திரிகையாளர். ஒன்பதாமவர் அகமது இப்ராஹிம். அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தீயணைப்பு வீரர்.

இந்தக் கடைசிப் பெயரில் சற்று நிற்க விரும்புகிறேன். கடற்படைத் தளம் அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடம். தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினர். அங்கே தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட அகமது இப்ராஹிம், 1955இலேயே செம்பவாங் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். 1959இல் சுகாதார அமைச்சர்; பின்னர் தொழிலாளர் அமைச்சர். 1962இல், முப்பத்தைந்தாம் வயதில் காலமானார். மாணவர்களுக்கு ஜாலான் அகமது இப்ராஹிம் என்ற சாலைப் பெயர் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் தீயணைப்பு வீரராக இருந்தவர் என்பது தெரியாது. எனக்கே அந்த மாணவி கேட்ட நாளில் அது நினைவுக்கு வரவில்லை.

பத்திரிகையாளர்களின் பங்கும் அந்தத் தலைமுறையில் பெரிது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம், சட்டம் படிக்க லண்டன் சென்றார்; போரின் காரணமாகப் படிப்பை முடிக்காமல், சிறுகதையும் கட்டுரையும் எழுதத் தொடங்கினார். திரும்பி வந்து மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆகிய ஏடுகளில் பணியாற்றினார். பட்டம் பெறாத அவர்தான் முதல் பண்பாட்டு அமைச்சர், 1965இல் முதல் வெளியுறவு அமைச்சர். 1966இல் நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் தேசியப் பற்றுறுதியின் முதல் வரைவை எழுதியதும் அந்தப் பத்திரிகையாளரின் கைதான். நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக், உத்துசான் மெலாயு என்ற மலாய் நாளிதழை 1939இல் தொடங்கிய ஆசிரியர். சமூக விவகார அமைச்சராக விளங்கிய ஒத்மான் வோக் அதே ஏட்டில் செய்தியாளராக இருந்தவர். செய்தித்தாள் ஆசிரியர் என்ற தகுதியை மட்டும் கொண்டு இன்றைய 19ஆம் பிரிவின்படி யூசோஃப் இஷாக் வேட்பாளராகியிருக்க இயலாது. அன்றைய பதவியும் இன்றைய பதவியும் ஒன்றல்ல என்பதை மறந்து இதைக் குறையாகச் சொல்லவில்லை; காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மவர்களில் தொழிற்பின்னணி என்ற சொல்லுக்கே விரிவுரையாக வாழ்ந்தவர் எஸ். ஆர். நாதன். 1924இல் பிறந்தவர், சிறுவயதில் மூவாரில் வளர்ந்தவர். ரப்பர் விலை வீழ்ந்த பொருளியல் மந்தத்தில் தந்தையார் கடன்பட்டு, நாதனுக்கு எட்டு வயதாக இருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டதும், வீட்டை விட்டு ஓடியதும் அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியவை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பிழைத்தார். அலுவலக எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1954இல் சமூகவியல் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டு மருத்துவச் சமூக ஊழியராகப் பணியில் சேர்ந்தார். நோயாளியின் படுக்கை அருகே அமர்ந்து, ‘வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, யார் சமைக்கிறார்கள்’ என்று கேட்பது அந்த ஊழியரின் வேலை. 1956இல் கடலோடிகள் நல அதிகாரி. 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவில், ஊதியப் பேச்சுவார்த்தைக்குத் தொழிற்சங்கங்களுக்கு வேண்டிய கணக்குகளைத் தயாரித்தார்.

அதன்பின் வெளியுறவு, உள்துறை, தற்காப்பு என்று அவர் பாதை உயர்ந்தது. 1974இல் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கியவர்கள் ‘லாஜு’ என்ற படகில் பிணையாளிகளைப் பிடித்துவைத்தனர். தாக்கியவர்கள் நாட்டை விட்டு வெளியேற உத்தரவாதமாக அவர்களுடன் குவைத் வரை விமானத்தில் சென்ற அதிகாரிகள் குழுவுக்கு நாதன் தலைமை தாங்கினார். பின்பு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் தலைவர், மலேசியாவில் தூதர், அமெரிக்காவில் தூதர், 1999 முதல் 2011 வரை அதிபர். லாஜு நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் அவருடைய துணிவைப் புகழ்வர். எனக்கோ, அச்சத்தில் இருக்கும் மனிதரோடு நிதானமாகப் பேசும் பழக்கம் மருத்துவமனைப் படுக்கையருகே தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். இது என் கருத்து மட்டுமே.

நாட்டின் மூன்றாவது அதிபர் தேவன் நாயரோ ஆசிரியர். பள்ளியில் கற்பித்து, ஆசிரியர் சங்கத்தை நடத்தி, காலனித்துவ அரசால் சிறைவைக்கப்பட்டு, பின்னாளில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசைக் கட்டியெழுப்பியவர். இந்த அவையில் ஆசிரியர்கள் நிறைந்திருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த தலைமுறையில் பின்னணி மாறுகிறது. எஸ். தனபாலன் பொருளியல் வளர்ச்சிக் கழகத்திலும் டிபிஎஸ் வங்கியிலும் பணியாற்றிவிட்டு 1976இல் அரசியலுக்கு வந்தார். 1980இல் வெளியுறவு அமைச்சர். எஸ். ஜெயகுமார் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் தலைவராக இருந்தவர். 2004இல் துணைப் பிரதமரானார். கா. சண்முகம் மூத்த வழக்கறிஞர். விவியன் பாலகிருஷ்ணன் கண் மருத்துவர். தர்மன் சண்முகரத்னம் பொருளியல் அறிஞர். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநர். 2023இல் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு அதிபரானார். இவர்களுடைய சாதனைகளை விரிக்க இது இடமன்று, உங்களுக்கே தெரிந்தவை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. 1951இல் பொதுச் சேவை ஆணையம் அமைந்தது. 1971இல் ஆயுதப்படையின் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் தொடங்கியது. பதினெட்டு வயதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அமைச்சிலோ படையிலோ வளர்த்து, நாற்பது வயதுக்கு முன்பின்னாக அரசியலுக்கு அழைக்கும் பாதை ஒன்று உருவாயிற்று. பிரதமர் லாரன்ஸ் வோங் அரசாங்க அலுவலராக இருந்தவர். அவருடைய அமைச்சரவையிலும் படைத்துறை, அரசுத்துறைப் பின்னணி உடையவர் பலர். இப்பாதை திறமையைக் கொண்டுவருகிறது. ஊழலைத் தூர நிறுத்த உதவியிருக்கிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் தீயணைப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு சென்ற ஒருவரும், கப்பல் துறையில் கடலோடியின் குறையைக் கேட்ட ஒருவரும் கொண்டுவந்த அறிவு, தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறும் அறிவன்று. அது மேசையில் இல்லாதபோது யாரும் அதன் இன்மையை உணர்வதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

1959இல் இதை உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். புதிய அரசாங்கம் பதவியேற்ற இரண்டே மாதங்களில் அரசியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் திறந்து, ஆங்கிலக் கல்வி பெற்ற அதிகாரிகளை அங்கே மாணவர்களாக உட்கார வைத்தது. தெருவில் மக்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பதை அதிகாரிகள் படிக்க வேண்டியிருந்தது.

மொழிக்கு வருகிறேன். திருக்குறளில் ‘அமைச்சு’ அறுபத்து நான்காம் அதிகாரம். அடுத்த அதிகாரம் ‘சொல்வன்மை’. அமைச்சனைப் பற்றிய பத்து அதிகாரங்களும் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்றே முடிகின்றன. எந்தத் தொழில் என்பதை வள்ளுவர் இங்கே கேட்கவில்லை; பேசத் தெரியுமா, அவையை அறிவாயா, அஞ்சாமல் நிற்பாயா என்று கேட்கிறார். நம் 44ஆம் பிரிவு கேட்பதும் ஏறத்தாழ அதையே. அப்படியிருந்தும் நாடாளுமன்றத்தில் முழுநீளத் தமிழுரைகளை அரிதாகவே கேட்கிறோம். உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒலிவாங்கி இருக்கிறது, உரிமை எழுதப்பட்டிருக்கிறது. பேசுவோர்தான் குறைவு.

இதில் நமக்கும் பங்குண்டு. வீட்டுவசதிக் கட்டணம், மத்திய சேமநிதி, முதியோர் பராமரிப்பு, ஊதிய உயர்வு ஆகியவற்றைப் பற்றித் தமிழில் வாதிட மாணவரைப் பழக்குகிறோமா? பெரும்பாலும் பொங்கலைப் பற்றியும் நேரத்தின் அருமையைப் பற்றியும் எழுதவைக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ‘பங்குதாரர் நிதி’ என்றால் என்ன என்று விளக்க முடியாத தமிழை வைத்துக்கொண்டு, அவையில் தமிழ் ஒலிக்கவில்லை என்று வருந்துவது எப்படி?

அந்த மாணவியை அண்மையில் தேக்கா சந்தையில் கண்டேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சமூகப் பணி படிப்பதாகச் சொன்னாள். நாதன் அவர்கள் தொடங்கிய அதே வேலை என்று சொன்னேன். “அப்படியா ஐயா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றாள். என்னிடம் விடை இல்லை.

உங்கள் வினாக்களுக்குக் காத்திருக்கிறேன்.