நாணமும் நோயும்



எங்கள் தியாகதுருகம் பக்கத்தில் உடம்பில் கொப்புளம் கண்டால் அக்கி என்பர். காவியால் எழுதுவித்துக் காத்திருப்பர். மறைவிடத்தில் கொப்புளம் எழுந்தாலோ எவரிடமும் சொல்லார். அவ்வாறு மறைக்கப்படும் பால்வினை நோய்களுள் ஒன்று ஹெர்பிஸ்.

இதன் வைரஸ் அக்கியின் வைரஸுக்கு உறவு; ஆயினும் வேறு. உடலுறவில் தோலோடு தோல் படுவதால் தொற்றும். புண் ஆறிய பின்னும் நரம்பணுக்களில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். புண் இல்லாத நாளிலும் பிறருக்குத் தொற்றக்கூடும். 2020-ஆம் ஆண்டில், 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் இத்தொற்று இருந்ததென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆதலின் நோயுற்றோரை இகழ்தல் தகாது.

இதனை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. எனினும் அசைக்ளோவிர் மாத்திரை புண்ணை விரைவில் ஆற்றும். மருத்துவர் சொற்படி தொடர்ந்து உண்டால் மீண்டும் வருவதைக் குறைக்கும். அம்மருந்தின் ஆய்வை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியான் அம்மையார் முன்னர்ப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

புண் உள்ளபோது உறவைத் தவிர்த்தலும், ஏனைய காலத்தில் ஆணுறை அணிதலும், துணைவரிடம் உண்மை உரைத்தலும் கடமையாகும். கருவுற்ற பெண் மருத்துவரிடம் அவசியம் கூற வேண்டும். பிரசவத்தில் சிசுவுக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்கள் இரகசியம் காத்து இலவசமாகச் சிகிச்சை அளிக்கின்றன. நாணம் நற்குணமே, நோயை மறைக்கும் நாணமோ நோயினும் கொடிது.