கணினிக்குத் துண்டு எழுதுதல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கணினியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் பணித்தபோது, பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் விஷயமாயிற்றே என்று தயங்கினேன். ஆனால் லயத்தில் வளர்ந்த எவரும் அறிந்த சங்கதிதான் இது. சிறுவன் கையில் துண்டு எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோமல்லவா, அதைப் போன்றது.

கணினிக்கு ஒரு மென்பொருள் வேண்டுமானால் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். உபுண்டு, டெபியன் முதலிய இயங்குதளங்களில் அதை எடுத்துவந்து வைக்கும் வேலைக்காரன் ஆப்ட். பைதான் மொழிக்கு வேண்டியவற்றைக் கொண்டுவருபவன் பிப். கணினிகள் பலவானால் கட்டளைகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பையே ஓடவிடுகிறோம். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர்.

சென்ற விடுமுறையில் ஒரு வாசிகசாலையின் ஐந்து பழைய கணினிகளுக்கு இப்படியொரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், ஐந்தும் "தொடரலாமா?" என்று கேட்டபடி அசையாமல் நிற்கின்றன! குற்றம் என்னுடையதே. ஆள் இல்லாத இடத்தில் கேள்வி பிறக்கும் என்பதை நான் நினைக்கவில்லை. 'ஆப்ட்-கெட்' கட்டளையோடு 'வை' என்ற ஓரெழுத்துக் குறியைச் சேர்த்திருந்தால், ஆம் என்ற விடை முன்கூட்டியே கிடைத்திருக்கும். (வெறும் 'ஆப்ட்' மனிதர் தட்டுவதற்கு உரியது, ஸ்கிரிப்டில் கவனம் என்று அதுவே எச்சரிக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை.)

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. ஒரே கணினியில் இரண்டு பைதான் இருக்கக்கூடும். வெறுமனே 'பிப்' என்றால், எந்தப் பைதானுக்குரிய பிப் முதலில் அகப்படுகிறதோ அதுவே ஓடும். சாமான் ஒரு வீட்டுக்குப் போய்விடும், பசியோடு இருப்பது வேறு வீடு. ஆகையால், ஸ்கிரிப்டை ஓட்டும் பைதான் எதுவோ அதன் பாதையையே சொல்லி, அதன் வழியாகப் பிப்பை அழைக்க வேண்டும். 'சிஸ்.எக்ஸிகியூட்டபிள்' அப்பாதையைத் தரும்; 'சப்புரோசஸ்' அதைத் தனி வேலையாக ஓட்டும். பிப்பின் வயிற்றுக்குள் கையை விட்டு அதன் உறுப்புகளை நேரே அழைத்தவர்களும் உண்டு. 2018இல் வந்த பிப் 10 அவ்வுறுப்புகளை இடம் மாற்றியதும், அத்தகைய ஸ்கிரிப்டுகள் பல உடைந்தன.

போன பையன் திரும்பியதும் பையைப் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் நன்று, வேறெதுவானாலும் கோளாறு. அதைப் பாராமல் அடுத்த வரிக்கு ஓடும் ஸ்கிரிப்ட், ஒன்றும் வந்து சேராதபோதும் "முடிந்தது" என்று சொல்லும். பெரியோர்களே, பொய்க் கணக்கைவிட வேலை நின்றுபோவது நல்லதல்லவா?

இதெல்லாம் சோம்பேறிகளுக்கான வசதி என்று எண்ணிவிட வேண்டாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டுக் கணினியாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு, நிவாரணப் பணிக்கென 'சஹானா' என்ற மென்பொருளை ஆக்கினார்கள். அதன் பிந்திய வடிவமாகிய 'ஈடன்' பைதானில் எழுதப்பட்டது. அதை நிறுவப் பைதான், தரவுத்தளம், வலைச் சேவையகம் என்று பல துணைகள் வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி, இங்கிருந்து அதிக தூரமில்லாத கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியோர் வேளையில் முகாமில் பெயர் பதியக் கணினி வைக்க நேர்ந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் விடை தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கும்?

மழைக் காலத்தில் பெரகலையில் இணைப்பே அறுந்துபோனால் என்ன செய்வது என்று ஒரு பெரியவர் முன்னரே என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பிப்புக்கு 'டவுன்லோட்' என்றொரு கட்டளை உண்டு. பதுளையில் நல்ல இணைப்பு இருக்கும்போதே வேண்டியவற்றை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, இணையத்தை நாடாமல் அதிலிருந்தே எடுத்து வைக்கும்படி ஸ்கிரிப்டில் எழுதலாம். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைதான் பதிப்பும் ஒத்திருப்பது முக்கியம்.

அந்தப் பென் டிரைவ் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் இன்னொரு வாசிகசாலைக்குப் போகிறேன். கூட வர விரும்பும் வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தாருங்கள்.