ஒரு குப்பி மருந்தும் ஒரு தாயின் காயமும்

(அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குப் பின் எங்கள் மருத்துவமனைக் குழுவினர் பேசியது)



நல்ல சமாரியன் சத்திரத்தைத் தேடுமுன்னே காயத்தைத்தான் கவனித்தான். நாங்களும் இன்று ஒரு காயத்தைக் குறித்தே பேச வந்திருக்கிறோம்.

சிசேரியன் ஆன தாய் சில நாட்களில் குழந்தையோடு வீடு திரும்புகிறாள். சிலரோ மறுவாரமே காய்ச்சலோடும், தையலில் சீழோடும் திரும்ப வருகிறார்கள். குழந்தையை மடியில் கிடத்திப் பால் கொடுக்கவும் முடிவதில்லை. கணவர் கூலி வேலையை விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருக்கிறார்.

இக்கிருமிகளில் பெரும்பாலானவை தாயின் உடலிலேயே இருப்பவை. ஆகையால் கத்தி வைக்குமுன் தோலைச் சுத்திகரிக்கிறோம். அமெரிக்காவில் 1,147 தாய்மாரிடம் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆல்கஹால் கலந்த அயோடின் பூசியவர்களில் 7.3 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று உண்டாயிற்று. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் அது 4 சதவீதமே. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைத்தது.

ஆனாலும் காணிக்கை கொடுக்கிற உங்களிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தியா உட்பட 7 நாடுகளில், வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2021இல் வெளியானது. அதில், தண்ணீரில் கரைத்த மலிவான அயோடினைவிடக் குளோர்ஹெக்சிடின் மேலானதென்று காணப்படவில்லை. விலையேறிய குப்பி மாத்திரம் தாயைக் காப்பாற்றாது என்று அறிந்துகொண்டோம். சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. கீறுமுன்பே ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும். பூசிய மருந்து உலரப் பொறுத்திருக்க வேண்டும். ஆல்கஹால் உலராதிருக்கையில் மின்கருவியின் பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஆகையால் குறைந்தது 3 நிமிடம் காத்திருக்கிறோம்.

குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும் வேளையில் அந்த 3 நிமிடமும் கிடைப்பதில்லை. அப்போது தண்ணீரில் கரைத்த அயோடினையே எடுக்கிறோம். ஆகவே இரண்டு குப்பிகளும் எங்கள் அலமாரியில் எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை பெரிய கட்டடமாய் எழும்பாமல், ஒரு தாயின் வயிற்றில் பூசப்பட்டு உலர்ந்துபோகலாம். அதை ஒருவரும் காணமாட்டார்கள். ஆனால் அந்தத் தாய் காயம் ஆறி, தன் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வீடு போவாள். எங்கள் பிரசவ வார்டுக்காகவும், இரவில் கண்விழிக்கும் தாதிமாருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.