ஷார்லோட் த்ராவே பார்த்த குழந்தைகள்



குழந்தைக்கு ஆறு மாதம். குப்புற விழுந்தாயிற்று, முகம் பார்த்துச் சிரித்தாயிற்று, ஒரு குறையும் கிடையாது. ஒரு நாள் காய்ச்சல் வருகிறது. திடீரென்று ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. அரை மணி ஆகியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்துகிறார்கள். "காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார் மருத்துவர். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். இந்தக் குழந்தைக்கோ சில வாரங்களில் மறுபடி வருகிறது, இந்த முறை மற்றப் பக்கம்.

இப்படிப்பட்ட குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் ஷார்லோட் த்ராவே. 1936-இல் பிறந்தவர், பிரான்சின் மார்செய் நகரில் வலிப்பு நோய்க்கென்றே இயங்கிய மருத்துவ மையத்தில் பணியாற்றியவர். அங்கே ஆன்ரி காஸ்தோ என்ற மேதை இருந்தார். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் உலகப் புகழ் பெற்றவர். மருந்துக்கு அடங்காத ஒரு கடுமையான குழந்தை வலிப்புக்கு அவர் பெயரையும் சேர்த்து லென்னாக்ஸ்-காஸ்தோ என்று பெயர். 1965-இல் த்ராவே தம் ஆய்வேட்டை எழுதியதும் அந்த நோயைப் பற்றித்தான்.

ஆனால் சில குழந்தைகள் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. முதல் வயதில் அவர்களுடைய ஈ.ஈ.ஜி. சுத்தமாக இருந்தது. காய்ச்சலோ சூடான குளியலோ போதும், வலிப்பு வந்துவிடும். இரண்டாம் வயதில் காய்ச்சல் இல்லாமலேயே வரும், உடம்பு தூக்கிப்போடும், பேச்சும் நடையும் பின்தங்கும். 1978-இல் இதைத் தனி நோயாக த்ராவே எழுதினார். ஈ.ஈ.ஜி.க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, ஈ.ஈ.ஜி. காட்டாத ஒன்றை அவர் பிடித்தார். எந்த வயதில் தொடங்கியது, எந்தப் பக்கம் இழுத்தது, அன்று காய்ச்சல் இருந்ததா என்பதையெல்லாம் பெற்றோர்தானே சொல்ல முடியும்? பிறகு அதே குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். குழந்தை நரம்பியல் மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி இதுதான். வெளியே தெரியாத வேலை.

2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்த நோயுள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்.சி.என்.1.ஏ. என்ற மரபணுவில் பிழை. பெற்றோருக்கு அது இல்லை. குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. "உங்கள் வீட்டு வழியில் வந்த சீக்கு" என்று மருமகளைக் குத்திக்காட்டும் நாக்குகளுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். மூளையில் சில நரம்பணுக்கள் பிரேக் போல மற்றவற்றை அடக்கி வைக்கின்றன. இந்த மரபணுப் பிழையால் அவற்றின் சோடியம் வாயில்கள் பழுதானால் பிரேக் பிடிக்காது. அதனால்தான் சோடியம் வாயில்களை அடைக்கும் கார்பமசெபைன், லாமோட்ரிஜின் போன்ற வழக்கமான வலிப்பு மாத்திரைகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். நோயின் பெயர் சரியாகத் தெரிவது அவ்வளவு முக்கியம்.

இன்னொன்றும் வெளிவந்தது. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர் சாமுவேல் பெர்கோவிச்சும் குழுவினரும் சோதித்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது: 11 பேருக்கு அதே மரபணுப் பிழை. ஊசி போட்டபின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைக் கிளப்பியிருக்கலாம். நோய் பிறக்கும்போதே இருந்தது. ஊசிக்கு அழைத்துப்போன குற்ற உணர்ச்சியில் எத்தனை தாய்மார் வெந்திருப்பார்களோ.

இன்று இந்த நோய்க்கு த்ராவேயின் பெயர்தான். நம் மருத்துவர்கள் டிராவெட் சிண்ட்ரோம் என்பார்கள். அரிது, ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. வலிப்பைக் குறைக்கச் சில உண்டு. அவற்றில் ஒன்றான ஃபென்ஃப்ளூரமைன், உடல் எடை குறைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டு, இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. குறைந்த அளவில், இதயத்தைக் கண்காணித்தபடி, 2020 முதல் அமெரிக்காவில் இந்தக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள்.

நேயர்களே, வீட்டில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டியும் தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் மருத்துவர் முதலில் கேட்கப்போவது, வலிப்பு எப்படி வந்தது என்பதைத்தான்.